இரவல் சொல்லும் சொந்த மூக்கும்

இங்கே பரிஸில் இரவு எட்டு மணி. கனடாவில் இருப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்திருப்பீர்கள். அவுஸ்திரேலிய நண்பர்களுக்கு இன்னும் விடியவில்லை. அந்த நேரத்தில் எழும்பி வைனைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் முதல் நன்றி.

'ரசனை' என்ற இந்தத் தொடரில் எனக்கு முன் பேசியவர்கள் கவிதை, இசை, சினிமா பற்றிப் பேசினார்கள். எனக்குத் தெரிந்தது முப்பது வருட உணவக வேலை மட்டும்தான் என்றேன். அதைப் பற்றியே பேசுங்கள் என்றார்கள். ஆகவே, பல வருடம் காத்துவைத்த ஒரு போர்தோ சிவப்பு வைனை எப்படிச் சுவைப்பது என்று பேசப்போகிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். குடி எங்கள் சனத்துக்குள் செய்த நாசத்தை நான் கண்ணால் கண்டவன். வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் இருந்த இரண்டு பேரைக் குடிக்குப் பறிகொடுத்தவன். நான் சொல்வது ஒரு மாலையில் ஒரு கிளாஸ், அதுவும் ஒரு மணித்தியாலம் எடுத்து. தொழில்முறையாகச் சுவைப்பவர்கள் அதைக்கூட விழுங்காமல் துப்பிவிடுவார்கள். குடிக்காதவர்களும் தாராளமாகக் கேட்கலாம். இது மூக்கையும் சொல்லையும் பற்றிய பேச்சு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே வைன் பரிமாறுவதற்கென்றே வயதான ஒருவர் இருந்தார். "கிளாஸ் வந்தவுடன் தண்ணீரில் போடாதே. முதலில் மணந்து பார்" என்பார். ஒருநாள், "என்ன மணக்கிறது?" என்று கேட்டார். அவர் மேசைகளில் சொல்வதைக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தேன். "கசிஸ் பழம்" என்றேன். "நீ கசிஸ் சாப்பிட்டிருக்கிறாயா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் அது என்னுடைய சொல். உன்னுடையதைக் கொண்டு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு வீடு திரும்பும்போதுதான் நினைவு வந்தது. அது நாவல்பழம். பழுத்த நாவல்பழம், தின்ற பிறகு நாக்கில் ஒட்டும் அந்தத் துவர்ப்போடு.

அந்தத் துவர்ப்பிலிருந்து தொடங்குவோம். போர்தோவில், ஜிரோந்து கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் என்ற பகுதி இருக்கிறது. கூழாங்கல் நிலம். தண்ணீர் தேங்காது, வேர் ஆழமாக இறங்கும். அங்கே முக்கியமான திராட்சை கபெர்னே சோவின்யோன். பழம் சிறியது, தோல் தடிப்பு. துவர்ப்பு முழுவதும் தோலிலும் விதையிலும் இருக்கிறது. அதனோடு மெர்லோ போன்ற வேறு திராட்சைகளையும் கலப்பார்கள். 225 லீற்றர் ஓக் பீப்பாய்களில் ஒன்றரை, இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டுப் போத்தலில் அடைப்பார்கள்.

அப்போதே குடித்தால் வாய் இறுகும். சீனி போடாத கடும் தேத்தண்ணீரை, ஆறவிட்டுக் குடித்த மாதிரி. அதற்குத்தான் நிலக்கீழ் அறை: ஏறக்குறைய 12 பாகை குளிர், இருட்டு, தக்கை காயாதபடி ஈரப்பதம், அதோடு போத்தலைப் படுக்க வைப்பது. வருடங்கள் போகப் போக, துவர்ப்புத் தரும் பொருள்களும் நிறம் தரும் பொருள்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி மண்டியாகக் கீழே படியும். வைன் மென்மையாகும். பழ மணம் பின்னுக்குப் போய், புகையிலை, தோல், தேவதாரு மரம், காளான், மழைக்குப் பிறகான காட்டுத் தரை என்று வேறு மணங்கள் முன்னுக்கு வரும். எல்லா வைனுக்கும் இது நடக்காது. பெரும்பாலானவை சில வருடங்களுக்குள் குடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றை இருபது வருடம் வைத்தால் வெறும் புளிப்புத்தான் மிஞ்சும்.

திறப்பதற்கு ஒருநாள் முன்பே போத்தலை நிமிர்த்தி வையுங்கள். மண்டி அடிக்குப் போகட்டும். திறந்ததும் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுதிரியை அல்லது கைபேசி வெளிச்சத்தைப் பிடித்து, இடையில் நிறுத்தாமல், மெதுவாக ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றுங்கள். மண்டி கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். இளம் வைனை மணிக்கணக்கில் காற்றில் விடலாம். நாட்பட்டதை அப்படி விட்டால் உங்கள் கண்முன்னே செத்துப்போகும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெள்ளைக் கடதாசிக்கு மேல் சரித்துப் பாருங்கள். இளமையில் கத்தரிப்பூ நிறமாக இருந்த விளிம்பு, இப்போது கூரை ஓட்டின் நிறத்துக்கு வந்திருக்கும். ஆட்டாமல் ஒருமுறை மணவுங்கள், பிறகு ஆட்டி ஒருமுறை. ஒரு மிடறு எடுத்து, அதனூடாகக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். அப்போது மணம் தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும். விழுங்கிய பிறகு எத்தனை வினாடி அது நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒரு வினாடிக்குக்கூட 'கோதாலி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முறை இவ்வளவுதான். கடினம் முறையில் இல்லை, நேர்மையில் இருக்கிறது.

1855இல் பரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டபடி, போர்தோ தரகர்கள் மெதோக் வைன்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது சந்தையில் விற்ற விலையை. அந்தப் பட்டியல் இன்றைக்கும் நிற்கிறது. 1973இல் மூத்தோன் ரொத்சீல்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்ந்ததுதான் அதில் நடந்த ஒரே பெரிய மாற்றம். இன்னொன்று, 2001இல் வெளிவந்த ஒரு ஆய்வு. போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். அவர்கள் மூக்கில்லாதவர்கள் அல்ல. கண் முந்திக்கொண்டது, சொல் தயாராக இருந்தது.

புத்தகம் வாசிக்கிற நாங்கள் இதைக் கேட்டுச் சிரிக்க முடியுமா? அட்டையில் பெயரைப் பார்த்தவுடன் எங்களுக்கும் சொல் தயாராகத்தானே இருக்கிறது?

நானும் இதில் மாட்டுப்பட்டவன்தான். என் மகள் பிறந்தது 1996இல். மெதோக்கில் கபெர்னே நன்றாகப் பழுத்த வருடம் அது. காசு சேர்த்து, சேன் ஜூலியன் ஊர் வைன் இரண்டு போத்தல் வாங்கினேன். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் அவளுடைய இருபத்தைந்தாவது பிறந்தநாள்வரை காத்தேன்.

அன்றைக்கு முதல் போத்தலைத் திறந்து ஊற்றி, நான் பேசத் தொடங்கினேன். தேவதாரு என்றேன், தோல் என்றேன், எவ்வளவு ஆழம் என்றேன். மகள் மணந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா, குறை நினைக்காதேங்கோ. இது மழையில நனைஞ்ச காட்போட் பெட்டி மாதிரி மணக்குது" என்றாள்.

திரும்ப மணந்தேன். அவள் சொன்னது சரி. தக்கையில் பூஞ்சணத்தால் உண்டாகும் ஒரு பொருளின் வேலை அது. ஒரு லீற்றரில் சில நனோகிராம் இருந்தாலே போதும், வைன் கெட்டுவிடும். இருபது வருடத்துக்கு மேல் காத்ததைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். வைன் போனது கவலைதான். ஆனால் கெட்ட வைனுக்கு முன்னால் இருந்துகொண்டு, முப்பது வருட அனுபவசாலியான நான் லேபிளை வாசித்துப் புகழ்ந்திருக்கிறேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது போத்தலையும் முதல்நாளே நிமிர்த்தி வைத்திருந்தேன். திறந்தேன். இந்த முறை நான் வாய் திறக்கவில்லை. முதலில் அது ஒன்றும் சொல்லவில்லை. இருபது நிமிடம் போயிருக்கும். மகள், "அம்மம்மாவின்ர சூட்கேஸ்" என்றாள். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த தோல் பெட்டி அது. எனக்கு வந்தது பெரியப்பாவின் புகையிலைக் குடில். பொச்சுமட்டைப் புகை போட்டு, இலை பழுப்பாகித் தொங்கும் அந்த இருட்டு. அந்தக் குடில் இன்று இல்லை. மகள் அதைக் கண்டதும் இல்லை. அதைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை.

தோல், புகையிலை. வைன் புத்தகத்திலும் இவைதானே இருக்கின்றன என்று கேட்பீர்கள். இருக்கின்றன. முதல் போத்தலுக்கு நான் சொன்னவையும் அவைதான். அங்கே சொல் மட்டும் இருந்தது, இங்கே பொருள் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் மணம் மெல்ல இறங்கியது. "முடியுதா அப்பா?" என்றாள். ஓம் என்றேன். அதையும் இருந்து பார்த்தோம்.

அடுத்த முறை ஒரு புத்தகத்தைப் பற்றி 'அற்புதம்', 'ஆழம்' என்று சொல்ல வாய் வரும்போது, ஒரு நிமிடம் பொறுத்து, கிளாஸைத் திரும்ப ஒருமுறை மணந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கிற இளையவர் காட்போட் என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.