ஒரே கூரையின் கீழ் இரண்டு கூடங்கள்



போபாலில், பெரிய ஏரியின் கரையில் பாரத் பவன் என்றொரு கலை மையம் இருக்கிறது. ஏரியை நோக்கிச் சரியும் நிலத்தில் முற்றம் முற்றமாக இறங்கிச் செல்லும் அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. 1982 பிப்ரவரியில் பிரதமர் இந்திரா காந்தி அதைத் திறந்து வைத்தார். அதற்குள் அமைந்த ரூபங்கர் கலைக்கூடத்தை உருவாக்கியவர் ஓர் ஓவியர். பெயர் ஜகதீஷ் சுவாமிநாதன்.

1928-இல் சிம்லாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார், பத்திரிகைகளில் எழுதினார். 1962-இல் நண்பர்களோடு சேர்ந்து ‘குரூப் 1890’ என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார். அவர்கள் கூடிப் பேசிய பாவ்நகர் வீட்டின் கதவு எண்தான் 1890. மறு ஆண்டு தில்லியில் அவர்கள் நடத்திய கண்காட்சியை நேரு திறந்து வைத்தார். அப்போது மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ் அதன் கையேட்டுக்கு முன்னுரை எழுதினார். அந்தக் குழு நடத்திய கண்காட்சி அது ஒன்றுதான்.

மலை, மரம், ஒற்றைப் பறவை, பரந்த வண்ணவெளி என்று வரைந்து பெயர் பெற்ற பின்புதான் அவர் போபாலுக்கு வந்தார். நகரத்து நவீன ஓவியங்களுக்கு ஒரு கூடம், பழங்குடி, நாட்டார் கலைகளுக்கு ஒரு கூடம் என்று இரண்டையும் ஒரே கூரையின் கீழ் அமைத்தார். பழங்குடிக் கலை கடந்த காலத்தின் மிச்சமன்று, இன்று வாழ்கிற மனிதர்கள் இன்று படைப்பது, அதனால் அதுவும் சமகாலக் கலையே என்பது அவர் வாதம்.

அத்தகைய படைப்புகளைச் சேகரிப்பதற்காக இளம் கலைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். பட்டன்கர் என்ற ஊரில் வீட்டுச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்த ஜங்கட் சிங் ஷ்யாம் என்ற கோண்டு பழங்குடி இளைஞர் அப்படித்தான் போபாலுக்கு வந்தார். சுவரில் பழகிய கை, காகிதத்துக்கும் கான்வாஸுக்கும் மாறியது. மானின் உடலையும் தெய்வத்தின் உருவையும் புள்ளிகளாலும் மெல்லிய கோடுகளாலும் நிரப்பும் ஒரு பாணி பிறந்தது. 1989-இல் பாரிஸில் நடந்த பெரிய பன்னாட்டுக் கண்காட்சியில் அவர் ஓவியங்கள் இடம்பெற்றன.

பூரி பாயின் கதை இன்னும் வியப்பானது. ஜாபுவா மாவட்டத்தைச் சேர்ந்த பீல் பழங்குடிப் பெண். பாரத் பவன் எழும்பியபோது அங்கே சித்தாள் வேலை பார்த்தவர். அவருக்குப் பீலி மொழி மட்டுமே தெரியும். ஊரில் உங்கள் வீட்டுச் சுவரில் வரைவதை இங்கே காகிதத்தில் வரையுங்கள் என்று சுவாமிநாதன் கேட்டார். மண்ணையும் இலையையும் அரைத்து வண்ணம் செய்து பழகியவருக்கு, தொட்டவுடன் பளிச்சென்று பதியும் கடை வண்ணம் புதிது. ஆனாலும் வரைந்தார்; விடாமல் வரைந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சுவாமிநாதன் 1990 வரை ரூபங்கரின் இயக்குநராக இருந்தார், 1994-இல் மறைந்தார். ஜங்கட் சிங்கின் பாணியை அவருடைய உறவினர்களும் ஊர்க்காரர்களும் கற்றுக்கொண்டு போபாலில் இன்றும் வரைகிறார்கள். அந்த ஊர்ப் பக்கம் போகிறவர்கள் ரூபங்கரின் இரண்டு கூடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வாருங்கள்.