அவையஞ்சாமை கற்ற சனிக்கிழமைகள்



வானொலியில் பேசுவதில் ஒரு வசதி உண்டு. முன்னால் எவரும் இல்லை. ஒலிவாங்கி இருக்கிறது, கையில் எழுதிய பிரதி இருக்கிறது, கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் தமது வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கால் நடுங்கினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இந்த ஒலிவாங்கியின் முன் பல வருடங்களாக இலக்கியம் பேசிவந்த நான், நாற்பது பேர் கூடிய ஒரு சபையில் எழுந்து நான்கு வசனம் சொல்ல முடியாதவனாக இருந்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எங்கள் காலத்துப் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளை உங்களிற் பலர் அறிவீர்கள. ஆசிரியர் எழுதித் தருவார். நாங்கள் பாடமாக்குவோம். எந்த இடத்தில் கையை உயர்த்துவது, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதெல்லாம் அவரே சொல்லித் தருவார். பதினொரு வயதில் ‘உழவுத் தொழிலின் மேன்மை’ பற்றி நான் பேசினேன். ஏர் பிடித்தவனல்ல, பிடித்தவரைக் கிட்ட நின்று பார்த்தவனுமல்ல. மூன்றாவது பந்தியில் ஒரு சொல் வழுக்கியது. அந்தச் சொல்லோடு பின்னால் வந்த அத்தனையும் போய்விட்டன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உயர்த்திய கையை இறக்காமலே நான் மேடையை விட்டு இறங்கியதாகப் பிறகு சொன்னார்கள். அதன்பின் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். எழுதுகிறவனிடம் யாரும் எழுந்து நில் என்று சொல்வதில்லை.

ஆனால் ஒரு நாள் சொன்னார்கள். 2017ஆம் ஆண்டு என் நண்பர் ஒருவர் காலமானார். என் முதலாவது கதையைக் கையெழுத்துச் சஞ்சிகையில் போட்டவர். தாமும் நல்ல கதைகள் எழுதியவர், தொகுப்பாக ஒன்றும் வராமலே போய்விட்டார். செத்தவீட்டு முற்றத்தில் இரங்கலுரைக்கு என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். எழுந்தேன். ‘அன்னாரின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்றேன். பத்திரிகை அறிவித்தலில் வருகின்ற அந்த வசனத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. இருந்துவிட்டேன். எல்லாம் முடிந்தபின் அவருடைய தாயார் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “தம்பி, நீயாவது அவன்ரை கதையைச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

கொழும்புக்குத் திரும்பி இதை வீட்டில் சொன்னபோது வங்கியில் வேலை செய்யும் என் மருமகள், “மாமா, எங்கடை கழகத்துக்கு ஒருக்கா வந்து பாருங்கோவன்” என்றாள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று உலகெங்கும் நடக்கின்ற பேச்சுப் பயிற்சிக் கழகங்களில் ஒன்று அது. 1924ஆம் ஆண்டு ஒக்டோபரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில், வை.எம்.சீ.ஏ. கட்டடத்தின் நிலக்கீழ் அறையொன்றில் தொடங்கிய முறை. 1973 வரை பெண்களை முறைப்படி அங்கத்தவராகச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நான் போன கழகத்திலோ அரைவாசிக்கு மேல் பெண்கள். கூட்டம் தமிழில் நடந்தது. சனிக்கிழமை மாலை, ஒரு தனியார் கல்வி நிலையத்தின் வகுப்பறை, பிளாஸ்டிக் கதிரைகள், தேநீருடன் மாலு பணிஸ்.

அங்கே எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கு. ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சு என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. நமது மேடைகளில் ஏழு நிமிடம் ‘அவர்களே’ போடவே போதாது. தலைவர் அவர்களே, பிரதம அதிதி அவர்களே, சிறப்பு அதிதி அவர்களே என்று தொடங்கி, விடுபட்டவர் கோபிப்பாரே என்ற பயத்தில் ‘மற்றும் அவையோரே’ என்று முடிக்குமுன் பாதிச் சபை தூங்கிவிடும்!

முதல் நாள் திடீர்த் தலைப்பு. சீட்டை எடுத்தேன், ‘குடை’ என்றிருந்தது. இரண்டு நிமிடம் வரை பேசலாம். ஒரு நிமிடத்தில் காட்டவேண்டிய பச்சை அட்டை வருமுன்னரே இருந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். பகிடி பண்ணுகிறார்கள் என்றே நினைத்தேன். அங்கே எழுந்து நின்ற எவருக்கும் கைதட்டுவது வழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. கைதட்டல் வென்றவனுக்கு மட்டும் உரியது என்று பழகியவனுக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்சக் காலம் எடுத்தது.

தன்னைத்தானே அறிமுகம் செய்யும் முதற் பேச்சுக்கு நான்கு முதல் ஆறு நிமிடம். நான் எழுதி, திருத்தி, பாடமாக்கிக்கொண்டு போனேன். தடங்கலின்றிச் சொல்லியும் முடித்தேன். பேச்சில் வீணாக வரும் ஒலிகளையும் சொற்களையும் எண்ணுவதற்கென்றே ஒருவரை நியமிப்பார்கள். அன்று எண்ணிய உயர்தர வகுப்புப் பிள்ளை எழுந்து, “ஐயா பதினேழு தரம் ‘வந்து’ சொன்னவர்” என்றாள். எழுத்தில் ஒருபோதும் வராத அந்த ‘வந்து’ பாடமாக்கிய வசனங்களுக்கு நடுவே எப்படித்தான் வந்து புகுந்ததோ! (பாருங்கள், இப்போதும் வந்துவிட்டது.)

அது சிரிப்பு. அடுத்தது சுட்டது. என் பேச்சை மதிப்பிட்டவர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்யும் இளைஞர். “ஐயா, உங்கடை தமிழ் நல்லாயிருக்கு. ஆனா நீங்கள் எங்களோடை கதைக்கேல்லை. பின்சுவரிலை இருக்கிற மணிக்கூட்டோடைதான் கதைச்சனீங்கள்” என்றார். நாற்பது வருடம் இலக்கியம் பேசியவனுக்கு இவர் சொல்லுவதா என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் போகவில்லை.

தமிழில் மேடைப்பேச்சு என்ற வடிவத்தை வளர்த்ததில் யாழ்ப்பாணத்துக்குப் பெரும் பங்குண்டு. 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரின் பிரசங்க முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்து, அதையே சைவத்துக்கு ஆக்கிக்கொண்டவர் அவர். ‘நாவலர்’ பட்டம் திருவாவடுதுறை ஆதீனம் பின்னர் கொடுத்தது. நாங்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டோம், வெள்ளிக்கிழமைகளை விட்டுவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. நாவன்மை பிறவியிலே வருவது, வராதவன் கீழே இருந்து கேட்கவேண்டியவன் என்று ஒரு எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. சைக்கிள் ஓடப் பழகுவது போலப் பேசவும் பழகலாம் என்பதை அந்த வகுப்பறையில்தான் கண்டேன்.

திரும்பிப் போனபோது என்னையே மதிப்பீட்டாளர் ஆக்கிவிட்டார்கள். பேசியவர் ஓர் இளம் தாய். கையிலிருந்த தாள் நடுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு மூன்று நிமிடத்தில் அவருடைய பேச்சைப் பற்றி நான் சொல்லவேண்டும், ஆகவே ஒரு சொல்லையும் விடாமல் கேட்கவேண்டியதாயிற்று. உண்மையைச் சொன்னால், அதற்குமுன் நான் எவருடைய பேச்சையும் அப்படிக் கேட்டதில்லை. இலக்கியக் கூட்டங்களில் மற்றவர் பேசும்போது அவருடைய பிழைகளை எண்ணியிருக்கிறேன், அல்லது எப்போது முடிப்பார் என்று பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இடையில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லு, சொல்லு என்றே மனம் அடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன். எல்லா முகத்திலும் அதுவே இருந்தது. என் பதினொரு வயதில் அந்த மண்டபத்திலும் அப்படிச் சிலர் இருந்திருக்கலாம். எனக்கு அந்த ஒரு சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

திருக்குறளில் ‘அவையறிதல்’ எழுபத்திரண்டாம் அதிகாரம், ‘அவையஞ்சாமை’ எழுபத்துமூன்றாவது. சிறு வயதில் இரண்டையும் ஒப்புவித்தவன்தான் நான். அறிதல் முன்னுக்கும் அஞ்சாமை பின்னுக்கும் நிற்பதை அன்றிரவு பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன்.

அங்கே எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆங்கிலக் கைந்நூலைப் பார்த்து எல்லோரும் ஒரே மாதிரிக் கையை விரித்து, ஒரே மாதிரி இரண்டடி முன்னுக்கு வருவது கூத்தாகவே இருந்தது. பயமும் போய்விடவில்லை. எழும்பும்போது இன்றும் வாய் உலர்கிறது.

அடுத்த ஆண்டு நண்பரின் ஆட்டைத் திவசம். அவருடைய கதைகளைத் தேடி எடுத்து ஒரு சிறு நூலாக்கியிருந்தோம். மதியச் சாப்பாட்டின் பின் அதே முற்றத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தாள் எடுத்துப் போகவில்லை. தாயார் முன்வரிசையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவரைப் பார்த்தே தொடங்கினேன். கையெழுத்துச் சஞ்சிகைக்கு மட்டை வாங்கக் காசில்லாமல், வீட்டுக் கலண்டரின் பின்பக்கத்தை வெட்டி அட்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, கொஞ்சம் உரத்துச் சொல்லு. எந்தக் கலண்டர்? சாமியறையிலை தொங்கினதோ?” என்று அவர் இடையில் கேட்டார்.

“ஓமம்மா, அதுதான்.”

“நான் அதைத் தேடாத இடமில்லை. அவன் காத்திலை போட்டுது எண்டல்லோ சொன்னவன்!”

முற்றம் முழுவதும் சிரித்தது. நான் மீதியை அவருக்கே சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்கக் கேட்க, நான் சொல்லிக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று எனக்குத் தெரியாது. அன்று அட்டை காட்ட அங்கே ஆளில்லை.