பவுன் விலையை ஏற்றும் மூன்று கைகள்

(டோம்பிவிலியில் நடந்த மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடிந்து கலைகிற நேரத்தில், பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு தாய் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "பெட்ரோல் ஏறினா அரசாங்கம்னு சொல்றீங்க. வெங்காயம் ஏறினா மழைன்னு சொல்றீங்க. பவுன் ஏறினா மட்டும் ஏன் யாரையும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

நியாயமான கேள்வி. இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் தாய்க்குச் சொல்லும் பதில்தான்.

தமிழனுக்குப் பொன்னாசை அதிகம் என்று படித்தவர்கள் கேலி பேசுவதுண்டு. தாராவியிலும் மாதுங்கா லேபர் கேம்பிலும் பிறந்து வளர்ந்து, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இந்த டோம்பிவிலிக்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். நமக்கு இங்கே நிலம் இல்லை. ஊரில் இருந்ததும் பங்காளியோடு போயிற்று. தொழிற்பேட்டையில் வேலை நின்றால், வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டுமென்றால், நாம் ஓடுவது எங்கே? அடகுக் கடைக்கு! கழுத்தில் கிடக்கும் இரண்டு பவுன்தான் நமக்கு வங்கி, அதுதான் காப்பீடு. அதன் விலையை யார் ஏற்றுகிறார்கள், யார் இறக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்வது ஆசைக்காரர் வேலை அல்ல, உழைப்பவர் வேலை.

இந்த நாட்டில் தங்கம் வெட்டிய மண் கோலார். அந்தச் சுரங்கத்தில் இறங்கி நுரையீரலைப் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன நம்மவர்கள். அதுவும் 2001இல் மூடப்பட்டது. ஆகவே நாம் வாங்கும் பொன் ஏறக்குறைய முழுவதும் கடல் கடந்து வருகிறது. வருகிற வழியில் மூன்று கைகள் அதைத் தொடுகின்றன.

முதல் கை உலகச் சந்தை. அங்கே அவுன்ஸ் கணக்கு. ஒரு அவுன்ஸ் என்பது 31.1 கிராம், விலை டாலரில். இரண்டாவது கை ரூபாயின் மதிப்பு. மூன்றாவது கை டில்லியின் சுங்கவரி.

கணக்குப் போட்டே பார்ப்போம். அவுன்ஸ் 3,110 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதாவது கிராம் 100 டாலர். நம் பவுன் 8 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.33 கிராம். ஆக 733 டாலர். ஒரு டாலர் 80 ரூபாய், வரி 6 சதவிகிதம் என்றால் 62,158 ரூபாய். லண்டனில் ஒரு சென்டும் ஏறவில்லை. ரூபாய் மட்டும் விழுந்து டாலர் 90 ஆகிறது. பவுன் 69,928! அதோடு வரியை 15 சதவிகிதம் ஆக்கினால் 75,865! உலகில் எதுவும் மாறாமலே ஒரு பவுனுக்கு 13,700 ரூபாய் கூடிவிட்டது. இதற்கு மேல் 3 சதவிகித ஜி.எஸ்.டி., செய்கூலி, சேதாரம்.

80, 90 என்ற எண்களை நாம் கற்பனையில் எடுக்கவில்லை. 2022 ஜூலையில் டாலர் 80ஐத் தொட்டது. 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. 15, 6 என்ற வரி விகிதங்களும் நாம் கண்டவையே.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். 2012 ஜனவரி வரை தங்கத்துக்கு வரி எடைக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தது. கடைசியாக 10 கிராமுக்கு 300 ரூபாய். ரூபாய் விழுந்தாலும் அந்த 300, முந்நூறுதான். அந்த மாதம் அதை மாற்றி, விலையில் 2 சதவிகிதம் என்று ஆக்கினார்கள். அன்றிலிருந்து ரூபாய் விழ விழ வரியும் தானே வளர்கிறது. நம் கணக்கையே பாருங்கள்: 80இல் வரி 3,518; 90இல் 3,958. எந்தச் சட்டமும் மாறவில்லை, எந்த எம்.பி.யும் கை தூக்கவில்லை; ஒரு பவுனுக்கு 440 ரூபாய் கூடுதல். ரூபாயின் வீழ்ச்சி யாரும் வாக்களிக்காத வரி என்று நாம் சொல்வது இதனால்தான்.

அந்த 2 சதவிகிதம் 2013 ஆகஸ்டில் 10 ஆயிற்று. அதே மாதக் கடைசியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. இரண்டு கைகளும் சேர்ந்து கழுத்தைப் பிடித்த மாதம் அது. அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் தங்கம் வாங்காதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். செட்டிநாட்டுக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தை! பிறகு வந்த நிர்மலா சீதாராமன் மதுரையில் பிறந்தவர். 2019இல் 12.5 ஆக்கினார், 2021இல் குறைத்தார், 2022 ஜூலையில் மொத்தம் 15 ஆக்கினார், 2024 ஜூலையில் 6 ஆக இறக்கினார். ஏற்றியதும் அவர், இறக்கியதும் அவர்.

அரசு சொல்லும் காரணத்தைப் பொய் என்று நாம் தள்ளவில்லை. எண்ணெய்க்கும் தங்கத்துக்கும் டாலரைக் கொட்டினால் ரூபாய் மேலும் சரியும், உண்மை. ஆனால் வசதியுள்ளவன் பங்கு வாங்குகிறான், மனை வாங்குகிறான், வெளிநாட்டிலும் போட்டு வைக்கிறான். பொன்னைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவள் தாலிக்கு வாங்கும் குண்டுமணிக்கும், கோடீஸ்வரன் வீட்டு ஒட்டியாணத்துக்கும் ஒரே விகித வரி என்பதில் எங்கே நியாயம்?

வரி ஏறினால் வாங்குவது நிற்கிறதா? இந்த பம்பாயே சாட்சி. 1963இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யாதே என்றார். ஊர் ஊராகப் பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. 1968இல் அது தனிச் சட்டமாயிற்று. 1990 வரை இருந்தது. பொன் நின்றதா? துபாயிலிருந்து படகில் பிஸ்கட்டாக வந்து இறங்கியது. பனைக்குளத்தில் பிறந்து இந்தத் துறைமுகத்தில் கூலி வேலை பார்த்த ஹாஜி மஸ்தான் பெரும்புள்ளி ஆனது அந்தக் காலத்தில்தான். 1992இல் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டுவரலாம் என்று திறந்துவிட்ட பிறகே படகு இளைத்தது. 2013இல் வரியை ஏற்றினார்கள்; கடத்தல் விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

நம் கணக்குப்படி, டாலர் 90 என்றால் ஒரு கிலோ 90 லட்சம். 15 சதவிகித வரி 13.5 லட்சம், 6 என்றால் 5.4 லட்சம். ஏய்க்கும் அந்த வரிதான் கடத்துகிறவனின் முதலும் லாபமும். அதிலிருந்து ஒரு விமான டிக்கெட்டும் சில ஆயிரமும் கொடுத்து அனுப்பப்படுகிறவனைக் 'குருவி' என்கிறோம். பிடிபடுவது குருவி. அனுப்பியவன் அடுத்த குருவியைத் தேடுகிறான். வளைகுடாவுக்குப் போய்வரும் நம் பிள்ளைகளிடம் யாராவது "இந்தப் பையை மட்டும் கொண்டுபோய்க் கொடு தம்பி" என்றால், 1974ஆம் ஆண்டின் கடத்தல் தடுப்புச் சட்டத்தில் விசாரணை இன்றியே ஓராண்டு உள்ளே வைக்கலாம் என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

வரி குறைந்தால் மட்டும் எல்லோருக்கும் லாபமா? நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2024 ஜூலையில், மகள் கல்யாணத்துக்காக மூன்று பவுன் வாங்கியது. பட்ஜெட்டில் ஏறும், இப்போதே வாங்குங்கள் என்று கடைக்காரர் அவசரப்படுத்தினார். வட்டிக்கு வாங்கிய பணம். அடுத்த வாரம் 23ஆம் தேதி வரி 15இலிருந்து 6 ஆயிற்று. விலை அன்றே சரிந்தது. வட்டி மட்டும் சரியவில்லை. அந்தத் தாய் இன்றும் அந்தச் சங்கிலியைப் பார்த்தால் பெருமூச்சு விடுகிறார்.

வரி என்பது டில்லியின் கையில் மட்டும் இல்லை. 2025 ஆகஸ்டு 27இல் அமெரிக்கா நம் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவிகிதம் தீர்வை போட்டது. அந்தேரி சீப்ஸில் அமெரிக்காவுக்கு நகை செய்யும் தொழிலாளிக்கு அது ஆர்டரில் விழுந்த அடி. வரிச் சண்டைக்கு அஞ்சிய உலகப் பணக்காரர்கள் தங்கத்துக்கு ஓடினார்கள். அக்டோபரில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. நகை செய்கிறவனுக்கு வேலை குறைகிறது, வாங்குகிறவளுக்கு விலை ஏறுகிறது. இரண்டு பேரும் ஒரே சாலில் குடியிருக்கலாம்.

கடை ரசீதை எடுத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. தனியாகத் தெரியும். சுங்கவரி தெரியாது, அது விலைக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. எங்கே தெரியவில்லையோ அங்கே யாரும் கேட்பதில்லை. சுங்கவரி எவ்வளவு என்று ரசீதில் அச்சிடச் சொல்லி நாம் ஒரு கோரிக்கை எழுதியிருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

"ஆவணியில் கல்யாணம், இப்ப வாங்கவா, பொறுக்கவா?" என்று முன்வரிசையில் அக்கா கேட்கிறார். விலை எங்கே போகும் என்று சொல்ல நாம் ஜோசியர் இல்லை, அக்கா. மொத்தமாகக் கடன் வாங்கி ஒரே நாளில் வாங்காதீர்கள். கையில் காசு வர வர, ஒரு கிராம் இரண்டு கிராமாக வாங்குங்கள். இங்கே தோலா என்று 10 கிராமுக்கு விலை சொல்வார்கள், ஊரில் பவுன் 8 கிராம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கிராமுக்கு என்ன விலை என்றே கேளுங்கள். பட்ஜெட் நாளை மட்டும் பார்த்துப் பயனில்லை. 2013 ஆகஸ்டிலும் 2022 ஜூலையிலும் பட்ஜெட் இல்லாமலே வரியை ஏற்றினார்கள்.

செம்பூருக்கும் தாராவிக்கும் திரும்ப வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.