கையெழுத்துப் போடும் முன்



சொந்த வீடு பலருக்கு ஆயுள் காலச் சேமிப்பு. அறுபது, எழுபது வயதில் அதை எதற்காக அடமானம் வைக்கிறார்கள்? மகனின் தொழிலுக்காக. பேத்தியின் கல்யாணத்துக்காக. ஆஸ்பத்திரிச் செலவுக்காக. பல வீடுகளில் பணம் பிள்ளையின் கைக்குப் போகிறது. கடனாளியாக நிற்பவர் பெரியவர். தவணை தவறினால் நோட்டீஸ் அவர் பெயருக்கே வரும்.

நோட்டீஸ் வந்தால் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வங்கி முதலில் 60 நாள் கெடு தர வேண்டும். அதற்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகு வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நாள் கடந்தால் வழி குறுகிவிடும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் இன, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

வட்டிக்காரரிடம் இன்னும் கவனம் தேவை. சிலர் வாயால் அடமானம் என்பார்கள். பத்திரத்தில் கிரயம் என்று எழுதியிருக்கும். கிரயம் என்றால் விற்பனை. வீடு அன்றே கைமாறிவிடும். ஆகவே நம்பிக்கையான ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

கடன் முழுவதும் தீர்ந்ததும், 30 நாளில் வங்கி மூலப்பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். இது 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. கேட்டு வாங்குங்கள்.

பெற்ற மகனே தாளை நீட்டினாலும், "படித்துப் பார்த்துப் போடுகிறேன், தம்பி" என்று சொல்லுங்கள். அதில் அவன் கோபிக்க ஒன்றுமில்லை.