கிணற்றடியில் தொடங்கும் தலைமைத்துவம்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



நான் இமாமாகக் கடமையாற்றிய ஓர் ஊரில், மழைக்காலத்து இரவொன்றில் வயோதிபர் ஒருவர் வபாத்தானார். மறுநாள் காலை ஜனாஸாவைத் தூக்கிச் செல்ல வந்தவர்களில் பெரும்பாலானோர் அறுபதைக் கடந்தவர்கள். மையவாடிக்குச் செல்லும் பாதை சேறாகிக் கிடந்தது. தோள் மாற்றுவதற்கு ஆளில்லாமல் இரண்டு இடங்களில் சந்தூக்கை இறக்கி வைத்து இளைப்பாற வேண்டியதாயிற்று. அதே நேரத்தில், பாதையோரத்துத் தனியார் வகுப்பொன்றில் நம் பிள்ளைகள் ஐம்பது பேருக்கு மேல் கணிதம் படித்துக்கொண்டிருந்தனர்.

அந்த வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறி, "இக்கால வாலிபர்களுக்குச் சமூக உணர்வு இல்லை" என்று கடுமையாகப் பேசினேன். தொழுகை முடிந்ததும் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். தலையைக் குனிந்தவாறே, "மௌலவி, எங்களை யாரும் கூப்பிடவில்லையே" என்றான்.

அந்த ஒரு வசனத்திற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அவன் கூறியது உண்மை. பள்ளிவாசலில் சத்தம் போடாதே என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். பின் ஸப்பில் நில் என்று சொல்லியிருக்கிறோம். இந்தப் பொறுப்பை நீ எடுத்துச் செய் என்று ஒரு நாளாவது சொன்னோமா? அன்று மிம்பரில் நின்று நான் பிள்ளைகள் மீது சுமத்திய குற்றத்தில் பாதி என்னுடையதாகவே இருந்தது.

அதனால்தான் பாடசாலை மாணவர்களின் சமூகப் பணியையும் தலைமைத்துவத்தையும் இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்.

அன்பர்களே! அல்குர்ஆனின் ஸூரதுல் கஸஸ் மூஸா (அலை) அவர்களின் இளமைக்கால நிகழ்வொன்றை எடுத்துரைக்கிறது. பிர்அவ்னின் நாட்டிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறிய அவர்கள் மத்யன் நகரின் நீர்நிலையை வந்தடைகிறார்கள். வீடில்லை, உறவில்லை, தொழிலில்லை. அங்கே இடையர்கள் கூட்டமாகத் தம் கால்நடைகளுக்கு நீர் புகட்டுகின்றனர். இரு பெண்கள் மட்டும் தம் ஆடுகளைத் தடுத்தவாறு ஒதுங்கி நிற்கின்றனர். தம் தந்தை முதியவர் என்றும், இடையர்கள் அகன்ற பின்னரே தம்மால் நீர் புகட்ட முடியும் என்றும் அப்பெண்கள் கூறுகின்றனர். மூஸா (அலை) அவர்கள் முன்சென்று அவர்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, எதனையும் எதிர்பாராமல் நிழலில் ஒதுங்குகிறார்கள். தம் தேவையை அல்லாஹ்விடம் மாத்திரமே முறையிடுகிறார்கள்.

அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். அப்பெண்களில் ஒருவர் தன் தந்தையிடம், இவரைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைக்கிறார். அதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டு. ஒன்று ஆற்றல், மற்றையது நம்பகத்தன்மை. அறிஞர்கள் தலைமைத்துவத்தின் அடிப்படைத் தகைமைகளாக இவ்விரண்டையுமே குறிப்பிடுகின்றனர். அந்தப் பெண் இவற்றை எங்கே கண்டார்? சான்றிதழிலா, மேடையிலா? கிணற்றடியில் கண்டார். கேட்காமலே உதவிய ஒரு வாலிபரின் கரங்களிலும் தாழ்ந்த பார்வையிலும் கண்டார்.

பிற்காலத்தில் ஒரு பெரும் சமூகத்தையே வழிநடத்திய நபியவர்களின் பணி, இரு பெண்களின் தாகித்த ஆடுகளுக்கு நீர் புகட்டியதோடு தொடர்புபட்டிருக்கிறது. சேவை முந்தியது, தலைமைத்துவம் அதன் பின்னால் வந்தது. நாமோ இன்று இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பதவி கிடைக்கட்டும், பிறகு சேவை செய்வோம் என்கிறோம்.

நம் நபி (ஸல்) அவர்களும் நுபுவ்வத்துக்கு முன்னர், தமது வாலிபப் பருவத்தில் ஓர் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யெமன் தேசத்து வணிகர் ஒருவரிடம் மக்காவின் செல்வாக்கு மிக்க மனிதரொருவர் பொருளை வாங்கிவிட்டு விலையைக் கொடுக்க மறுத்தார். அந்த அந்நியருக்காகக் குரைஷியர் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் ஒன்றுகூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்போம் என உறுதிபூண்டனர். 'ஹில்புல் புழூல்' எனப்படுவது இதுவே. இஸ்லாம் வந்த பின்னரும் அதனைப் பெருமையுடன் நினைவுகூர்ந்த நபியவர்கள், அத்தகைய ஒன்றுக்கு இப்போது அழைக்கப்பட்டாலும் தாம் பதிலளிப்பதாகக் கூறினார்கள். பல்லின மக்கள் வாழும் இலங்கையில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேறென்ன வேண்டும்? பாதிக்கப்பட்டவன் யாருடைய மகன் என்று கேட்பது நம் வழியல்ல. அவனுக்கு என்ன தேவை என்று கேட்பதே நம் வழி.

மாணவச் செல்வங்களே! எங்களுக்கு இன்னும் வயது வரவில்லையே என்று நீங்கள் எண்ணக்கூடும். அம்ர் பின் ஸலிமா (ரழி) அவர்களின் வரலாற்றைக் கேளுங்கள். அவர்களின் கூட்டத்தார் பிரயாணிகள் கடந்து செல்லும் ஒரு நீர்நிலைக்கு அருகே வாழ்ந்தனர். போவோர் வருவோரிடம் கேட்டுக் கேட்டே அந்தச் சிறுவர் அல்குர்ஆனை மனனமிட்டார். கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது, அதிகம் குர்ஆன் அறிந்தவரே தொழுகை நடத்த வேண்டும் என்ற நபிகளாரின் கட்டளைப்படி தேடிப் பார்த்தனர். ஆறு அல்லது ஏழு வயதான அந்தச் சிறுவரே இமாமாக முன்னிறுத்தப்பட்டார். அவருடைய ஆடை ஸுஜூதில் சுருங்கிவிடும் அளவுக்குக் குட்டையாக இருந்தது. அதைக் கண்ட மக்கள் துணி வாங்கி அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சி வேறெதிலும் தனக்குக் கிடைக்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

இந்த நிகழ்வில் பெரியவர்களுக்கும் பாடமுண்டு. சிறுவனின் குறையைக் கண்டதும் அவர்கள் அவரை இமாமத்திலிருந்து விலக்கவில்லை. குறையைத் தாமே நிவர்த்தி செய்து, பொறுப்பை அவரிடமே விட்டுவைத்தனர். நம் பிள்ளைகள் ஒரு கூட்டத்தை நடத்தும்போது சிறு தவறு நேர்ந்தால், நாம் ஒலிவாங்கியைப் பறிக்கிறோமா, சட்டை தைத்துக் கொடுக்கிறோமா?

அவ்வாறே, இருபது வயதை ஒட்டிய உஸாமா பின் ஸைத் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு படைக்குத் தளபதியாக்கினார்கள். அவரது இளமையைச் சிலர் விமர்சித்தபோது, அவர் அதற்குத் தகுதியானவரே என்று நபியவர்கள் உறுதிபடக் கூறினார்கள். நபியவர்களின் மறைவுக்குப் பின் அப்படையை வழியனுப்பிய கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள், வாகனத்தில் அமர்ந்திருந்த உஸாமாவின் அருகே கால்நடையாக நடந்து சென்றார்கள் என்றும், உமர் (ரழி) அவர்களை மதீனாவில் தம்முடன் விட்டுச் செல்ல அந்த இளம் தளபதியிடமே அனுமதி கேட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

ஆனால் பொறுப்பை நாடித் திரிவது வேறு, பொறுப்புக்குத் தகுதியாவது வேறு. அபூதர் (ரழி) அவர்கள் பதவியொன்றைக் கேட்டபோது, அவர்கள் மீது மிகுந்த அன்பு வைத்திருந்த நபி (ஸல்) அவர்கள் அதனை வழங்கவில்லை. அது ஓர் அமானிதம் என்றும், அதன் கடமைகளை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவாகவும் கைசேதமாகவும் அமையும் என்றும் எச்சரித்தார்கள். பாடசாலையில் மாணவத் தலைவர் சின்னம் அணிந்திருக்கும் தம்பியே, தங்கையே! அந்தச் சின்னம் பிறரை அதட்டுவதற்கான அனுமதிப்பத்திரமல்ல. உணவு கொண்டுவராத சக மாணவன் எவன், இடைவேளையில் தனித்து நிற்பவள் எவள் என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டியவர் நீங்களே.

இன்னுமொரு விடயம். மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டித் துப்புரவு செய்துவந்த ஒரு பெண்மணி காணாமற்போனபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் வபாத்தாகிவிட்டார் என்றும், அதனைப் பெரிதாகக் கருதி நபியவர்களுக்கு அறிவிக்கவில்லை என்றும் தோழர்கள் கூறினர். நபியவர்கள் கப்றைக் காட்டுமாறு கேட்டு, அங்கு சென்று அவருக்காகத் தொழுதார்கள். விளக்குமாறு பிடித்த அந்தக் கரத்தின் பெறுமதியை மக்கள் அறியவில்லை. அல்லாஹ்வின் தூதர் அறிந்திருந்தார்கள். இன்று ஒரு உலருணவுப் பொதியைக் கொடுக்க நான்கு பேர், அதைப் படம் பிடிக்க எட்டுப் பேர் என்ற நிலை வந்துவிட்டது. வாங்குபவரின் முகம் கையடக்கத் தொலைபேசிகளில் ஊரெல்லாம் சுற்றுகிறது. அது சேவையல்ல. ஓர் ஏழையின் மானத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய விளம்பரம்.

அன்பின் நேயர்களே! நம் நாட்டு வரலாற்றிலும் முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், இரண்டாம் உலகப் போர்க் காலமான 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆற்றல் இருந்தும் வறுமையால் கல்வியைத் தொடர முடியாத பிள்ளைகளைக் கண்டார். கண்டதோடு நின்றுவிடவில்லை. 1945இல் முஸ்லிம் மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியமொன்றை நிறுவ முன்னின்றார். பின்னர், 1948இல், உயர் அரச பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். பதவியை விட்டுப் பணியைத் தேர்ந்த மனிதரை இந்தச் சமூகம் இன்றும் நினைவுகூர்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அழித்துச் சென்ற வேளையிலும், 2016 மே மாத வெள்ளத்தில் களனி கங்கையோரம் மூழ்கிய வேளையிலும் சேற்றில் இறங்கி நின்றவர்களில் நம் வாலிபர்களும் இருந்தார்கள். ஆகவே இவர்களிடம் உணர்வு இல்லை என்று கூற முடியாது. அனர்த்தம் வந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் உணர்வை, அன்றாடப் பழக்கமாக மாற்றுவதே நம் முன்னுள்ள பணி.

அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓர் உதாரணம் கூறுகிறேன். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் நம் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு உள்ளாயினர். அந்த நுளம்பு தேங்கிய நீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழு வளர்ச்சி அடைகிறது. அப்படியாயின், வாரத்திற்கு ஒரு முறை பத்து மாணவர்கள் தம் தெருவிலுள்ள சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய டயர், அடைபட்ட பீலி ஆகியவற்றைப் பார்த்து நீரை அகற்றினால், அந்தத் தெருவில் அதன் சுழற்சி முறிகிறது. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்பித்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லவா நாம்?

தனியே வாழும் முதியவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, கீழ் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது, 1912இல் மாத்தளையில் தொடங்கிய சாரணர் இயக்கம் போன்ற பாடசாலை அமைப்புகளில் இணைந்து முதலுதவி பழகுவது, பதினெட்டு வயதானதும் இரத்ததானம் செய்வது என வாய்ப்புகள் ஏராளம். பெண் பிள்ளைகளுக்கும் இவற்றில் உரிய பங்குண்டு. அவர்களுக்கு ஏற்ற சூழலை அமைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

பெற்றோர்களே! உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. படிப்புப் பாழாகிவிடுமே என்று நினைக்கிறீர்கள். என்னிடம் அன்று பேசிய மாணவனின் தந்தையும் அதையே கேட்டார்: "இதனால் என் மகனுக்கு எத்தனை புள்ளி கிடைக்கும் ஹஸ்ரத்?" நான் அவரோடு வாதிடவில்லை. வாரத்தில் இரண்டு மணித்தியாலம் மட்டும் தாருங்கள், வகுப்பு நேரத்தில் தொடமாட்டேன் என்றேன். அரை மனதோடு சம்மதித்தார். அவனும் நண்பர்கள் ஆறு பேரும் மையவாடிப் பாதைக்குக் கல் போட்டனர். ஜனாஸாவைக் குளிப்பாட்டவும் கபனிடவும் முதியவர்களிடம் கற்றுக்கொண்டனர்.

பரீட்சையில் அவன் எப்படிச் சித்தியடைந்தான் என்று கேட்பீர்கள். ஒன்பது பாடங்களிலும் விசேட சித்தி பெறவில்லை, நடுத்தரமான பெறுபேறுதான். உயர்தரம் படிக்கப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வருடங்களின் பின் அவனுடைய தந்தை திடீரென வபாத்தானார். செய்தி கேட்டு நான் சென்றபோது, அந்த மகன் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டு நின்றான். "வாப்பாவை நானே குளிப்பாட்டுகிறேன் மௌலவி" என்றான். கை நடுங்கியது, ஆனால் ஒரு ஸுன்னத்தும் தவறவில்லை. அவனே கப்றில் இறங்கித் தந்தையை வைத்தான். ஊர் இளைஞர்கள் தோள் மாற்றத் தோள் மாற்ற, அந்த ஜனாஸா ஓரிடத்திலும் தரையில் இறக்கப்படவில்லை.

எத்தனை புள்ளி என்று கேட்ட அந்தத் தந்தைக்கு, அன்று கிடைத்த விடையை அவர் அறிந்திருக்கமாட்டார். ஆனால் அவருக்காகக் கையேந்தும் ஸாலிஹான ஒரு பிள்ளையை அவர் விட்டுச் சென்றிருந்தார்.

எனவே, இதனை வாசிக்கும் பெற்றோரே! இந்த வாரமே உங்கள் பிள்ளையை அழைத்து ஒரு சிறு பொறுப்பை ஒப்படையுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளே, உங்கள் கூட்டங்களில் இரண்டு மாணவர்களுக்கு இடம் ஒதுக்குங்கள். மாணவனே, மாணவியே! யாரும் கூப்பிடவில்லை என்று காத்திருக்க வேண்டாம். மூஸா (அலை) அவர்களையும் யாரும் கூப்பிடவில்லை. அவர்களே போய், என்ன விடயம் என்று விசாரித்தார்கள். உங்கள் தெருவிலும் ஒரு கிணற்றடி இருக்கிறது. அங்கே யாரோ ஒதுங்கி நிற்கிறார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை ஆற்றலும் நம்பகத்தன்மையும் உள்ளவர்களாக ஆக்குவாயாக! அவர்களை இந்தச் சமூகத்துக்கும் இந்த நாட்டுக்கும் பயன் தருபவர்களாக ஆக்குவாயாக! எங்கள் பணிகளை முகஸ்துதியிலிருந்து காத்து, உனக்காக மட்டுமே ஏற்றுக்கொள்வாயாக! ஆமீன்.