நாவின் முடிச்சும் நம் செவிகளும்

(ஆண்டு விழாவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரை)



மாணவச் செல்வங்களின் பேச்சுப் பயிற்சி குறித்துச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். ஒரு மாணவனின் அனுபவத்தையும், அதில் நான் செய்த தவற்றையும் சொல்லித் தொடங்குகிறேன்.

சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் சாலையோரம் காபித் தோட்டமொன்றில் பணிபுரியும் சகோதரர் ஒருவரின் மகன் அவன். சென்ற ஆண்டு இதே விழாவில் 'வாய்மை' என்னும் தலைப்பில் பேசப் பெயர் கொடுத்திருந்தான். மாலை வேளைகளில் அம்மேட்டின் காற்றுக்கு எதிரே நின்று உரக்கப் பேசிப் பழகுகிறான் என்று அவனுடைய அத்தா என்னிடம் மகிழ்ச்சியோடு கூறியிருந்தார்.

மேடையில் இரண்டு நிமிடம் நன்றாகவே பேசினான். பிறகு ஒரு சொல் மறந்தது. நின்றான். முன்வரிசையில் அமர்ந்திருந்த நான் உரத்த குரலில் ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பார்த்து வேறு இருவரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலைகுனிந்து இறங்கிவிட்டான். இவ்வாண்டு அவன் பெயர் கொடுக்கவில்லை.

அழைத்துக் காரணம் கேட்டேன். "ஹஜ்ரத், சும்மா விட்டிருந்தால் எனக்கே ஞாபகம் வந்திருக்கும். நீங்க எடுத்துக் கொடுத்தது நான் எழுதினதே இல்லை" என்றான். என்னால் பதில் கூற இயலவில்லை. உதவி என்று எண்ணி அவன் பேச்சை அவனிடமிருந்து பறித்தவன் நானே.

என் ஓதும் பருவம் அப்போது நினைவுக்கு வந்தது. வியாழன் இரவு மாணவர் மன்றத்தில் முதன்முறை பேச எழுந்தபோது என் முழங்கால்கள் நடுங்கின. மனனம் செய்தவை அனைத்தும் மறந்து போயின. எங்கள் உஸ்தாது எதுவும் சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். சிறிது நேரத்தில் சொல் வந்தது. இன்று நான் மிம்பரில் நிற்பதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம். அதைப் பெற்றுக்கொண்ட நானே பிறருக்குக் கொடுக்க மறந்துவிட்டேன்.

மேடை அச்சம் இழிவன்று. காந்தியடிகள் லண்டனில் சட்டம் பயின்ற காலத்தில், சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினராக இருந்தும் வாய் திறந்து பேச இயலாதவராகவே இருந்தார். ஒருமுறை தம் கருத்தை எழுதிச் சென்றும் அதனை வேறொருவரே படிக்க நேர்ந்தது. 1891-இல் தாயகம் திரும்புமுன் தாம் அளித்த விருந்தில்கூட, தயாரித்த பேச்சு மறந்து, நன்றி மட்டும் கூறி அமர்ந்துவிட்டார். பின்னர் பம்பாய் நீதிமன்றத்தில் 30 ரூபாய் கட்டணத்திற்கு எடுத்த முதல் வழக்கில் எழுந்து நின்றார், தலை சுழன்றது, ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் வழக்கையே வேறொருவரிடம் விட்டுவிட்டார்.

அந்த நா எங்கே அவிழ்ந்தது? 1893-இல் தாதா அப்துல்லா நிறுவனத்தாரின் வழக்கிற்காக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். பிரிட்டோரியா நகரில் ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூசப் என்பவரின் இல்லத்தில் இந்தியர்களைக் கூட்டினார். வந்திருந்தோரில் பெரும்பாலோர் மேமன் முஸ்லிம் வணிகர்கள். வணிகத்தில் வாய்மை என்பதே பொருள். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அவரே அதனைக் குறிப்பிடுகிறார். அக்கூட்டங்கள் அதன் பின்னரும் தொடர்ந்து நடைபெற்றன.

அன்பர்களே, இதில் இரண்டு செய்திகள் உள்ளன. அவருக்கு அன்று சொல்லியே ஆக வேண்டிய ஒரு செய்தி இருந்தது. அதனைக் கேட்க ஒரு சபையும், மீண்டும் மீண்டும் கூடும் வாய்ப்பும் இருந்தன. மனனம் மட்டும் பேச்சாளனை உருவாக்குவதில்லை. கேட்போரும் சேர்ந்தே உருவாக்குகின்றனர்.

நபி மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டினார்கள். அத்துடன் நிற்கவில்லை, தம் சகோதரர் ஹாரூன் அலைஹிஸ்ஸலாம் அவர்களைத் துணையாகவும் கேட்டுப் பெற்றார்கள். பேசத் துணியும் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று வலுச் சேர்க்கும் துணை வேண்டும். அத்துணையாக இருக்க வேண்டியது இந்த ஜமாஅத்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மாதந்தோறும் கடைசி ஞாயிறு அஸ்ர் தொழுகைக்குப் பின் மாணவ, மாணவியர் பேசுவதற்கென ஓர் அமர்வு வைப்போம். ஒருவருக்கு ஐந்து நிமிடம். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வேண்டாம்; பிள்ளை தானே குறித்த நான்கு குறிப்புகள் போதும். நின்றுவிட்டால் எவரும் எடுத்துக் கொடுக்கலாகாது, காத்திருப்போம். குறைகளைப் பிறகு தனியே அழைத்துக் கூறுவோம். நிறைகளைச் சபையிலேயே கூறுவோம்.

தமிழ் வளர்ச்சித் துறை அண்மை ஆண்டுகளில் காந்தியடிகள், அம்பேத்கர் முதலான தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டிகள் நடத்தி, முதல் பரிசாக 5,000, அடுத்து 3,000, 2,000 ரூபாய் என வழங்கி வருகிறது. அரசுப் பள்ளி மாணவர் இருவருக்குத் தலா 2,000 ரூபாய் சிறப்புப் பரிசும் உண்டு. நம் பிள்ளைகள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தலைசுற்றலோடு சேலம் போய் இறங்க வேண்டும். முதல் நாளே அழைத்துச் சென்று தங்கவைக்கும் செலவை ஜமாஅத் ஏற்கலாமே. பரிசு வந்தால் மகிழ்வோம். வராவிட்டாலும், நாளை வங்கியிலோ அலுவலகத்திலோ நேர்காணலிலோ தன் நியாயத்தை நிமிர்ந்து எடுத்துரைக்கும் ஒரு பிள்ளை நமக்குக் கிடைப்பான்.

அந்த மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். முதல் அமர்வில் பேசுவாயா என்றும் கேட்டேன். "நீங்க முன்வரிசையில் உட்காராம இருந்தா பேசுறேன், ஹஜ்ரத்" என்றான். கடைசி வரிசையில் அமர நான் தயார். நீங்களும் வாருங்கள்.

நம் பிள்ளைகளின் நாவுகளில் உண்மையையும், நம் செவிகளில் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.