நெல் தூசியும் நம் மூச்சும்

அறுவடை வந்துவிட்டால் தஞ்சைப் பகுதி நெல் மண்டிகளிலும் அரிசி ஆலைகளிலும் தும்மல் ஓயாது. கேட்டால் "சளி" என்பார்கள். காய்ச்சலும் இல்லை, மாதக்கணக்கில் தீரவும் இல்லை. இது என்ன சளி?

நெல் சுணையும், உமிச் சாம்பலும், லாரிப் புகையும் மூக்கின் உள்சவ்வில் படிந்து அதைப் புண்படுத்துகின்றன. உடனே வெள்ளையணுக்கள் அங்கே திரள்கின்றன. ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் வெளியாகி, சவ்வு வீங்குகிறது, நீர் வடிகிறது. கிருமியே இல்லாமல் நடக்கும் போர் இது! மூக்கில் தொடங்கும் சவ்வுதான் மூச்சுக்குழாய்க்குள்ளும் தொடர்கிறது. ஆகவேதான் மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம்.

தோள்துண்டை மூக்கில் கட்டினால் பெரிய தூசி நிற்கும். 2.5 மைக்ரான் துகள் நிற்காது; தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு அது, நுரையீரலின் ஆழம் வரை போகும். இத்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஆண்டு வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் அரசு 2009இல் வைத்த வரம்போ 40!

முதலாளிச் சகோதரர்களே! சாம்பலை நனைத்து அள்ளச் சொல்லுங்கள். மூட்டை தூக்குபவருக்கு என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். தும்மல் வாரக்கணக்கில் நீடித்தால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அன்றைக்கே.